வலது தொடைக்கு ஒரு வடைமாலை

இந்த நாற்காலி காலிதான், உட்காருங்கள். பையை மடியில் வைத்துக்கொள்கிறேன். நீங்கள் போனில் தமிழ் பேசியது காதில் விழுந்தது. ஒட்டுக்கேட்கவில்லை கண்ணு. மூன்று மாதமாக மகளைத் தவிர யாரிடமும் மனசு விட்டு நாலு வார்த்தை பேசவில்லை. அதனால் காது அதுவாகவே அந்தப் பக்கம் போய்விட்டது.

டாலஸ் போகிற விமானம்தானே? பலகையில் என்ன மாற்றிப் போட்டார்கள்? இன்னும் இரண்டு மணி நேரமா? போன தடவையும் இரண்டு மணி நேரம் என்றுதான் போட்டார்கள். நான் காலையிலிருந்து இங்கே உட்கார்ந்திருக்கிறேன். வெளியே போகலாம் என்றால் மறுபடியும் செருப்பைக் கழற்றி, கையைத் தூக்கி, அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் நிற்க வேண்டும். வெளியே போய்த்தான் என்ன? கொண்டுவந்து விட்டவள் திரும்பிப் போய்விட்டாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் விமானம் நிற்கிறது என்கிறார்கள். எனக்கு வெள்ளைப் பனியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

எனக்கு உடுமலைப்பேட்டை. மகள் பிரசவத்துக்கு வந்தேன். ஜனவரி முதல் வாரத்தில் நாள் சொல்லியிருக்கிறார்கள். இன்று டிசம்பர் பதினான்கு. பிரசவம் பார்க்க வந்தவள் பிரசவத்துக்கு முன்னால் மகன் வீட்டுக்குப் போகிறாளே என்றுதானே பார்க்கிறீர்கள்? பார்க்கத்தான் செய்வீர்கள். எங்கள் வீதியில் தெரிந்தால் அவர்களும் அப்படித்தான் பார்ப்பார்கள். அதனால்தான் ஊருக்கும் போக முடியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். யார் மேல் தப்பு என்று நீங்களே சொல்லுங்கள்.

என் மகள் பேர் சுகந்தி. எலும்பு, தசை வலிக்கு வைத்தியம் பார்க்கிற படிப்பு, பிசியோதெரபி, அதைப் படிக்க இங்கே வந்தாள். நான் எட்டாவதோடு நின்றவள், பிள்ளைகள் இரண்டும் படிக்க வேண்டும் என்று நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். படித்தாள். வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ந்த இடத்துக்கு முழங்கால் வலி என்று ஒருத்தர் வந்தார். வந்தவரையே கட்டிக்கொண்டாள். அவர்தான் மாப்பிள்ளை, ட்ரெவர். வெள்ளைக்காரர். குணத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. என்னை "அத்தே" என்றுதான் கூப்பிடுவார். பச்சைப்பயறு கடைந்து வைத்தால் ரொட்டியில் தொட்டு ஒரு சட்டி சாப்பிடுவார். குணத்தில் குறை இல்லை. வேலையில்தான் குறை.

என்ன வேலை தெரியுமா? பந்தை உதைக்கிற வேலை. சிரிக்காதீர்கள், நானும் முதலில் சிரித்தேன். முட்டை மாதிரி பந்து வைத்து ஆடுவார்களே, தலையில் சட்டி கவிழ்த்துக்கொண்டு முட்டி மோதுவார்களே, அந்த ஆட்டம். மற்றவர்கள் எல்லாம் மோதுவார்கள், விழுவார்கள், எழுந்திருப்பார்கள். இவர் அதிலெல்லாம் சேர்த்தி இல்லை. ஓரமாக நின்று ஒரு வலையில் தனியாக உதைத்துக்கொண்டிருப்பார். மூன்று மணி நேர ஆட்டத்தில் நாலு தடவையோ ஐந்து தடவையோ கூப்பிடுவார்கள். போய் இரண்டு கம்பத்துக்கு நடுவில் பந்தை உதைத்துவிட்டு வந்துவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை. கம்பத்துக்கு நடுவில் போனால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வெளியே போனால் ஊரே திட்டும்.

உதைக்கப் போகும் முன்னால் அவரிடம் ஒருத்தரும் பேச மாட்டார்கள், அது அவர்கள் வழக்கம். ஐம்பது பேர் ஒன்றாக உட்கார்ந்திருப்பார்கள். இவரைச் சுற்றி மட்டும் இரண்டு பக்கமும் இடம் காலியாக இருக்கும். தூரமானவளை மூலையில் உட்கார வைத்த மாதிரி. டிவியில் அதைப் பார்க்கும்போதெல்லாம் நானே போய்ப் பக்கத்தில் உட்காரலாமா என்றிருக்கும்.

வந்த புதிதில் மகளிடம் கேட்டேன், "எத்தனை வருசத்துல நிரந்தரம் பண்ணுவாங்க?" என்று. எங்கள் வீட்டுக்காரர் மின்வாரியத்தில் வேலை பார்த்தவர். அவர் காலமாகி நாலு வருஷம் ஆகிறது. அவருக்கு மூன்றாவது வருஷம் நிரந்தரம் ஆனது, அந்த மாதம்தான் எனக்குத் தூக்கமே வந்தது. அவள் இதை மாப்பிள்ளையிடம் இங்கிலீஷில் சொன்னாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு என்னவோ சொன்னார்.

"என்ன சொல்றாரு?"

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் நிரந்தரமாம்மா. அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு மறுபடியும் போடணுமாம்."

இது என்ன பேச்சு கண்ணு? வயிற்றுப்பிள்ளைக்காரியை வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சா? "பி.டி. மாஸ்டர் வேலைக்குப் போகச் சொல்லு, பள்ளிக்கூடத்துல பசங்களுக்கு உதைக்கச் சொல்லிக் குடுக்கட்டும்" என்றேன். தினமும் சொன்னேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள், "அம்மா, நீ சித்த நேரம் சும்மா இருக்கியா?" என்பாள். இந்த மூன்று மாதத்தில் அவள் என்னிடம் அதிகம் சொன்ன வார்த்தை அதுதான்.

கல்யாணமாகி மூன்று வருஷத்தில் நாலு ஊர், ஐந்து வீடு. பெட்டிகளைப் பிரிக்கவே மாட்டார்கள். ஒவ்வொரு அட்டைப்பெட்டி மேலும் சுகந்தி ஒரு நம்பர் எழுதி ஒட்டியிருக்கிறாள். கரண்டி எட்டாம் நம்பரில், போர்வை பதினொன்றில். நான் வந்த மூன்றாம் நாள், அவள் வேலைக்குப் போயிருந்தபோது எல்லாவற்றையும் பிரித்து அலமாரியில் அடுக்கிவிட்டேன். ஆசையாகத்தான் செய்தேன். வந்து பார்த்தவள் அலமாரியைத் திறந்தாள், மூடினாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லாம் மறுபடியும் பெட்டிக்குள் போய்விட்டது.

அவள் பயம் எனக்கு அப்புறம்தான் புரிந்தது. இந்த அணிகளுக்கெல்லாம் செவ்வாய்க்கிழமை ஒரு வழக்கம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உதைக்கிறவர் தப்பவிட்டால், செவ்வாய்க்கிழமை வேலை இல்லாத உதைக்கிறவர்கள் மூன்று பேரைக் கூப்பிடுவார்கள். வரிசையாக நிற்க வைத்து உதைக்கச் சொல்வார்கள். ஒருத்தரைப் பிடித்துப்போனால் இருக்கிறவரிடம் கை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மாப்பிள்ளையும் அப்படி ஒரு செவ்வாயில்தான் இந்த ஊருக்கு வந்தார். வேலை கிடைத்து வெளியே வந்தபோது, போன ஆளுடைய சம்சாரம் கார் நிறுத்துகிற இடத்தில் குழந்தை சீட்டைக் கழற்றிக்கொண்டு நின்றாராம். மாப்பிள்ளை போய்ப் பிடித்துக் கழற்றிக் கொடுத்தாராம். அந்தம்மா நன்றி சொன்னாராம். நம் ஊரிலும் செவ்வாய் வெறுவாய் என்பார்கள், ஆனால் இந்த மாதிரிச் செவ்வாயை நான் பார்த்ததில்லை.

எனக்கு அப்போது ஒரே வேண்டுதல்தான். ஜனவரி வரைக்கும், பிள்ளை பிறக்கிற வரைக்கும், இந்த ஊரிலேயே இருக்க வேண்டும். டாக்டர் பழக்கம், ஆஸ்பத்திரி பழக்கம். நிறைமாசத்தில் எந்த ஊருக்கு என்று போவாள்? அதற்காகத்தான் டிசம்பரில் வா என்றவளிடம் செப்டம்பரிலேயே வந்து நின்றேன். எனக்கு மனசு கேட்கவில்லை.

நவம்பர் நடுவில் ஒரு நாள் காலையில் சமையலறைக்குள் போகிறேன், மாப்பிள்ளை சாப்பாட்டு மேசை மேல் படுத்திருக்கிறார். சுகந்தி அந்த வயிற்றை வைத்துக்கொண்டு குனிந்து அவருடைய வலது தொடைக்குப் பட்டை ஒட்டிக்கொண்டிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் இரண்டு பேரும் திருட்டு மாங்காய் தின்ற பிள்ளைகள் மாதிரி முழித்தார்கள். தொடைத் தசை பிடித்துக்கொண்டதாம். அணி டாக்டரிடம் சொன்னால் விஷயம் பயிற்சியாளருக்குப் போகும், அவர் செவ்வாய்க்கிழமை மூன்று பேரைக் கூப்பிடுவார். சொல்லாமல் நாலு வாரம் ஓட்டிவிட்டால் தானாகச் சரியாகிவிடும் என்கிறாள்.

"அம்மா, இது இந்த நாலு செவுத்துக்குள்ள. யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாது. சித்திகிட்ட, அண்ணன்கிட்ட, யாருகிட்டயும்."

"நான் எதுக்குடி சொல்றேன்?"

"நீ சொல்லணும்னு சொல்ல மாட்டே. வாயில வந்துரும்."

இந்தப் பேச்சு நியாயமா, சொல்லுங்கள். நான் ஒரு விஷயத்தை வெளியே சொல்கிறவளா? என் மருமகள் இரண்டு வருஷமாகப் பிள்ளை உண்டாக ஊசி போட்டுக்கொள்கிறாள், டாலஸில். யாருக்காவது தெரியுமா? நான் யாரிடமாவது சொல்லியிருப்பேனா? மகன் தினகரனே என்னிடம் சொல்லவில்லை, முன்பு அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது குளிர்பதனப் பெட்டியில் மருந்தைப் பார்த்து நானாகக் கண்டுபிடித்தேன். அதைக்கூட நெஞ்சுக்குள்ளேயே வைத்திருக்கிறேன். உங்களிடம் சொல்கிறேன் என்றால் நீங்கள் யாரோ, நான் யாரோ.

சரி என்று அவள் தலையில் கை வைத்துச் சொன்னேன். சொன்னபடி இருந்தேன். பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அவர் படி இறங்குவார், ஒவ்வொரு படிக்கும் கைப்பிடியைப் பிடிப்பார். அதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இருப்பது லேசான காரியமா? அந்த வீட்டில் ஜன்னலைத் திறக்க முடியாது. நடந்து போக ஒரு வீதி கிடையாது. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. காலையில் இரண்டு பேரும் போனால் நானும் பன்னிரண்டு அட்டைப்பெட்டியும்தான். யாரிடம் சொல்வேன்? கடவுளிடம்தான் சொல்ல முடியும். கடவுளிடம் சொல்வது வெளியே சொல்வதாகுமா?

இந்த ஊரில் ஒரு கோயில் உண்டு. எல்லாச் சாமியும் ஒரே கூடத்தில் இருக்கும். சனிக்கிழமை சனிக்கிழமை வைதேகி என்று ஒரு அம்மா தன் காரில் என்னைக் கூட்டிப்போவார். கோயிலில் சீட்டு எழுதுகிற வேலை அவருக்கு. அந்தச் சனிக்கிழமை நான் ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்துவது என்று முடிவு செய்துவிட்டேன். காலுக்கு அவரை விட்டால் யார்? கடலையே தாண்டிய கால். வைதேகியம்மா சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"யார் பேருக்கு?"

"ட்ரெவர். மாப்பிள்ளை. உத்திராடம்."

நட்சத்திரம் எப்படித் தெரியும் என்கிறீர்களா? அவருடைய அம்மாவிடம் பிறந்த நேரத்தைக் கேட்டு வாங்கி, ஊரில் ஜோசியரிடம் கொடுத்து, கல்யாணத்துக்கு முன்பே கணித்துவிட்டேன். பொருத்தம் ஏழு இருந்தது.

"என்ன வேண்டுதல்னு ஒரு கட்டம் இருக்கும்மா. குடும்ப நலம்னு போட்டுடவா?"

குடும்ப நலம்! எல்லாரும் குடும்ப நலம் என்றுதான் போடுகிறார்கள். ஆஞ்சநேயருக்கு எப்படித் தெரியும், எந்தக் குடும்பம், என்ன நலம் என்று? முகவரி இல்லாமல் கடுதாசி போட்ட மாதிரி ஆகிவிடாதா? "வலது தொடை குணமாகணும்னு போடுங்க" என்றேன். அவர் எழுதினார். நல்லவர், எதுவும் கேட்கவில்லை.

பட்டரும் சொன்னார். "பேரு வாயில நுழையலியேம்மா. சுவாமி பேருக்கே பண்ணிடலாமே?" என்றார். நான் விடவில்லை. "இல்லீங்க சாமி, பேரைச் சொல்லியே பண்ணுங்க. வலது காலுன்னும் சொல்லுங்க. இடதுன்னு நெனைச்சுடப் போறாரு" என்றேன். அவர் சட்டையில்லாத மேனியில் பூணூலோடு ஒரு மைக்கைச் செருகி வைத்திருந்தார். ட்ரெவர் நாமதேயஸ்ய என்று அவர் சொன்னது கூடம் முழுக்கக் கேட்டது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பத்து நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

புதன்கிழமை. அந்தக் கோயிலில் வாராவாரம் உபயதாரர் பட்டியலை எல்லாருக்கும் கம்ப்யூட்டரில் அனுப்புவார்களாம். எனக்கு எப்படித் தெரியும்? நம் ஊரில் உபயம் என்றால் ட்யூப்லைட்டில் பேர் எழுதுவார்கள், அதோடு சரி. இங்கே அறுநூறு குடும்பத்துக்குப் போகும். யார் உபயம், எந்தச் சாமிக்கு, என்ன வேண்டுதல், எல்லாம். ட்ரெவர், உத்திராடம், வடைமாலை, வலது தொடை குணமாக. இந்த ஊரில் உத்திராட நட்சத்திரத்தில் எத்தனை ட்ரெவர் இருக்க முடியும்? அறுநூறில் எவனோ ஒருவன் அதைப் படம் பிடித்து வெளியில் போட்டுவிட்டான். வேண்டுதல் கட்டத்தை அனுப்பலாமா என்று வைதேகியம்மா யோசித்திருக்க வேண்டாமா? படித்த அம்மா.

வியாழக்கிழமை காலையில் அணி டாக்டர் கூப்பிட்டுவிட்டார். தசையில் சின்னக் கீறல், ஆடலாம் என்றாராம். ஆனால் பயிற்சியாளர் கால் வலியைப் பற்றிக் கேட்கவில்லையாம், ஏன் மறைத்தாய் என்று மட்டும் கேட்டாராம். அன்றைக்குச் சாயங்காலம் டிவியில் நாலு பேர் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்து மாப்பிள்ளையைப் பற்றிப் பேசினார்கள். பின்னால் வடை படம் காட்டினார்கள். நம் வடைதான், மெதுவடை. ஒருத்தன் அதை டோனட் என்றான். இன்னொருத்தன் இல்லை என்றான். நான் சுகந்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள்.

"கோயில்ல சொன்னியா?"

"சாமிகிட்டதான் சொன்னேன்."

அவள் கத்தியிருந்தால் தேவலை. டிவியை நிறுத்திவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். மாப்பிள்ளை வந்தார். செருப்பைக் கழற்றினார். என்னைப் பார்த்துச் சிரித்தார். என்னவோ சொன்னார். அன்றைக்கு அவள் மொழிபெயர்க்கவில்லை. மறுநாள் கெஞ்சிக் கேட்டபோது சொன்னாள். "இடது காலு இப்ப அருமையா இருக்காம். ஆஞ்சநேயர் அதைத்தான் சரி பண்ணிட்டார் போலன்னு சொன்னார்." நான்தான் அந்தப் பட்டரிடம் வலது என்று அத்தனை தடவை சொன்னேனே.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். சுகந்தி எப்போதும் பார்க்க மாட்டாள். அவர் உதைக்க வருகிறார் என்றால் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வாள், சத்தம் கேட்காமல் இருக்க. முடிந்ததும் நான் போய்க் கதவைத் தட்ட வேண்டும். இரண்டு தட்டு தட்டினால் பந்து போய்விட்டது என்று அர்த்தம், கம்பத்துக்கு நடுவில். அது எங்களுக்குள் ஏற்பாடு.

அன்றைக்கு டிவியில் மைதானத்தைக் காட்டினார்கள். கண்ணு, நான் அசந்துபோனேன். ஜனங்கள் கழுத்தில் மாலை போட்டிருந்தார்கள்! கயிற்றில் டோனட் கோத்து, நம் வடைமாலை மாதிரியே, நூறு பேர், இருநூறு பேர். அந்தக் குளிரில் சட்டை இல்லாமல் வயிற்றில் பெயிண்ட் அடித்துக்கொண்டு நிற்கிற ஆட்கள்கூட மாலை போட்டிருந்தார்கள். ஊரே மாப்பிள்ளைக்காக வேண்டிக்கொள்கிறதே என்று எனக்குப் புல்லரித்துவிட்டது. சுகந்தியைக் கூப்பிட்டேன், "பாருடி, எத்தனை பேரு!" என்று. அவள் பார்த்தாள். "அம்மா, அவங்க சிரிக்கறாங்கம்மா" என்றாள். சிரித்தார்கள்தான். சிரித்துக்கொண்டே வேண்டக் கூடாதா? தேர் இழுக்கும்போது நாம் சிரிக்கவில்லையா?

ஆட்டம் முடிய ஒரு நிமிஷம். இரண்டு புள்ளி பின்தங்கியிருக்கிறார்கள். நாற்பத்து மூன்று கஜம். நடுவில் உதைத்தால் மூன்று புள்ளி, ஜெயிப்பு. அவர் எத்தனையோ தடவை உதைத்த தூரம்தான். அவர் நடந்து வந்தார். மாலை போட்ட கூட்டத்தைக் கேமராவில் காட்டினார்கள். அப்புறம் அவர் முகத்தைக் காட்டினார்கள். அப்புறம் மறுபடியும் மாலை. குழாய்ச் சத்தம் கேட்டது. பந்தைப் பிடித்து நிறுத்துகிறவன் இருக்கிறானே, அவன் சரியாகப் பிடிக்கவில்லை, நான் பார்த்தேன். காற்று வேறு. இந்த ஊர் ஏரிக்காற்று எப்படி அடிக்கும் தெரியுமா? பந்து வலது கம்பத்துக்கு வெளியே போனது. ஒரு சாண். ஒரு சாணுக்கு மேல் இருக்காது.

நான் குளியலறைக் கதவு வரைக்கும் போனேன். தட்டாமல் நின்றேன். உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் குழாய் நின்றது. கதவு திறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மூன்று பேர் வந்தார்கள். மத்தியானம் மாப்பிள்ளை தன் சாமான்களை ஒரு குப்பைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். என்னிடம், "அத்தே, பரவால்லே" என்றார். அந்த வார்த்தையை எப்போது கற்றுக்கொண்டார் என்று தெரியவில்லை. நான் பச்சைப்பயறு கடைந்து வைத்திருந்தேன். சாப்பிட்டார். எப்போதும் போலச் சாப்பிட்டார்.

நான் அவளிடம் சொன்னேன். "நல்லதுதான்னு நெனை. பிள்ளை பொறக்கற வரைக்கும் இங்கயே இருங்க. அப்புறம் பி.டி. மாஸ்டர் வேலை" என்றேன். அவள் எட்டாம் நம்பர் பெட்டிக்குப் பசைநாடா ஒட்டிக்கொண்டிருந்தாள். வேறு ஊரில் ஒரு அணி உதைத்துக் காட்டக் கூப்பிட்டிருக்கிறது, அங்கே உதைக்கிறவனுக்கு அடிபட்டுவிட்டது, இவர் கிளம்புகிறார் என்றாள்.

"எந்த ஊருடி?"

"முடிவாகட்டும்மா."

"நெறமாசத்துல எப்படிப் போவே?"

"கார்ல."

அப்புறம், பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், என்னைப் பார்க்கவில்லை. "நீ கொஞ்ச நாள் அண்ணன் வீட்டுக்குப் போம்மா. பிரசவத்துக்கு ட்ரெவரோட அம்மா வர்றாங்க."

காரில் இடம் இருக்காது, பெட்டிகள் நிறைய, அதனால்தான். நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். ஆனால் சம்பந்தியம்மா மறுநாளே வந்துவிட்டார். ஒரே ஒரு பை. சிவப்பு ஸ்வெட்டர். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார், அவர்கள் வழக்கம். இரண்டு நாள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தோம். என் கண் முன்னாலேயே சுகந்தி அவருக்கு ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுத்தாள். மாத்திரை எது, டாக்டர் நம்பர் எது, எந்தப் பக்கம் சாய்ந்து படுத்தால் அவளுக்கு இடுப்பு வலிக்காது. அதை நான்தான் கண்டுபிடித்தேன், இடது பக்கம், முட்டிக்கு நடுவில் தலையணை வைத்து. ஆஸ்பத்திரிக்கு நான் கட்டி வைத்த பையைச் சம்பந்தியம்மா பிரித்தார். பிறந்த பிள்ளையைச் சுற்ற எங்கள் வீட்டுக்காரர் வேட்டியைத் துவைத்துத் துவைத்து, மெத்தென்று ஆக்கி, கிழித்துக் கொண்டுவந்திருந்தேன். அவர் அதை எடுத்து என்னவென்று கேட்டார். சுகந்தி சொன்னாள். அவர் நெஞ்சில் கை வைத்து "ஓ" என்றார். அழகாக மடித்து, பைக்கு வெளியே வைத்தார். நான் குறை சொல்லவில்லை. பாத்திரமும் சுத்தமாகத்தான் கழுவுகிறார். அடுப்பு மேடையை இரண்டு தடவை துடைக்கிறார், நான் ஒரு தடவைதான் துடைப்பேன்.

இன்று காலையில் சுகந்திதான் காரில் கொண்டுவந்து விட்டாள். ஸ்டீயரிங்கில் வயிறு முட்டுகிறது. வழியெல்லாம் கேட்டேன்.

"எந்த ஊருன்னு மட்டும் சொல்லு. நான் யாருகிட்ட சொல்லப் போறேன்?"

"போய்ச் சேந்ததும் சொல்றேன்."

"தேர்வாயிட்டாரா? அதையாவது சொல்லு."

"அம்மா, பெல்ட்டைப் போடு."

வாசலில் இறக்கிவிட்டு என் கன்னத்தைத் தொட்டாள். அவ்வளவுதான். பின்னால் கார்கள் ஹாரன் அடித்தன. போய்விட்டாள். இப்போது வாட்ஸப்பில் கேட்டு மூன்று மணி நேரம் ஆகிறது. இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டது. பனியில் கார் ஓட்டுகிறாள், பதில் போட முடியாதுதான். மறந்தும் இருப்பாள்.

தினகரன் வீட்டுக்குப் போனால் அவன் கேட்பான், "ஏம்மா, எந்த ஊருக்குப் போறாங்க?" என்று. என்ன சொல்வேன்? பெற்ற தாய்க்குத் தெரியாது என்றா?

கண்ணு, ஒரு உபகாரம். உங்கள் போனில் எல்லாம் வரும் அல்லவா? இந்த ஆட்டக்காரர்களைப் பற்றி நிமிஷத்துக்கு நிமிஷம் போடுகிறார்களாம். எவன் எந்த ஊரில் சேர்ந்தான், எவன் போனான் என்று ஊர் உலகத்துக்கே தெரியுமாம். கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன், என் மகள் எந்த ஊரில் பிள்ளை பெறப் போகிறாள் என்று. ட்ரெவர். பின் பேர் இதோ, இந்தத் துண்டுக் காகிதத்தில் இருக்கிறது, ஆஸ்பத்திரிச் சீட்டிலிருந்து நானே பார்த்து எழுதினேன். எழுத்து சரியாக இருக்கிறதா?

வந்துவிட்டதா? சேர்த்துக்கொண்டார்களா? நிஜமாகவா? நேற்றே போட்டுவிட்டார்களா!

எந்த ஊர்? இன்னொரு தடவை சொல்லுங்கள். நான் கேள்விப்பட்டதே இல்லையே. டாலஸுக்குப் பக்கமா? மூன்று மணி நேர விமானமா. சரி. சரி. அங்கே கோயில் ஏதாவது இருக்கிறதா என்று…

வேண்டாம். வேண்டாம் கண்ணு, அதைப் பார்க்க வேண்டாம். அங்கே குளிருமா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.